தொடர்பு அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், கல்விக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா நிகழ்ச்சிகளில் கல்விக்கென்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியதற்கு முதலில் எங்கள் நன்றி. கல்விக்குழுவில் இருக்கும் எங்களில் சிலர் கணினித் துறையில் வேலை பார்க்கிறோம், சிலர் அதைக் கற்பிக்கிறோம். பெற்றோர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டான். நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும். ஆனால் இன்னும் நான்கைந்து வருடம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறான். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" மகள் அதையே சொன்னால் கேள்வி இன்னும் நீளமாகிறது.

இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் உபதேசம் போலாகிவிடும். ஆகவே ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள், அது நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லலாம் என நினைக்கிறோம். கேட்டபிறகு முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துறை?

நம் கையில் இருக்கும் கைத்தொலைபேசி தனியாகச் செய்யும் வேலை குறைவு. பேரப்பிள்ளையின் படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்புகிறோம். அது எங்கோ இருக்கும் பல கணினிகளின் வழியாகப் போய்ப் பத்துப் பேரின் கைக்கு வருகிறது. அந்தக் கணினிகள் தனித்தனி இயந்திரங்கள். தனித்தனியாகப் பழுதாகும். ஒன்றோடொன்று செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ள முடியும். இப்படிப் பரவிக் கிடக்கும் கணினிகள் ஒரே கணினி போல நமக்கு வேலை செய்து தருவதை டிஸ்டிரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்கிறார்கள். பரவல் கணினி அமைப்புகள் என்று நாம் சொல்லலாம். அவற்றில் சில கணினிகள் மனிதர்களோடு பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் மின்தூக்கியிலும் நகர்ந்துகொண்டே இருந்தால் அது மொபைல் கம்ப்யூட்டிங், அதாவது நடமாடும் கணிமை.

இந்த இரண்டு துறைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. நடுவில் தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது?

கப்பல் கடிதமும் கணினிக் கடிகாரமும்

இந்தக் கேள்வி நம் பாட்டனார்களுக்குப் புதிதல்ல. கடை சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இருக்கும். குடும்பமும் கூட்டாளியும் நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தொடர்பு என்பது 'ரஜூலா' போன்ற கப்பல் சுமந்துவரும் கடிதம்தான். இங்கே ஒரு பேரேடு, அங்கே ஒரு பேரேடு. "சரக்கு அனுப்ப வேண்டாம்" என்று இங்கிருந்து ஒரு கடிதம் புறப்படும். "சரக்கு அனுப்பிவிட்டோம்" என்று அங்கிருந்து ஒரு கடிதம் புறப்படும். இரண்டும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

அதனால்தான் வணிகக் கடிதங்கள் "தங்களின் இன்ன தேதியிட்ட கடிதம் கிடைத்தது" என்று தொடங்கும். அதில் மரியாதையோடு கணக்கும் இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறோம் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. அந்த வரி இல்லாவிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று தீர்மானிக்க முடியாது.

லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே மணியைப் பார்க்காமல் ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளட்டும். ஒரு வேலை நடந்தால் எண்ணைக் கூட்டட்டும். செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பட்டும். பெறுகிற கணினி, வந்த எண்ணைவிடத் தன் எண்ணைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும். இப்படிச் செய்தால் காரணத்தின் எண் எப்போதும் விளைவின் எண்ணைவிடச் சிறிதாகவே இருக்கும். கடலில் தாண்டிப் போன இரண்டு கடிதங்களைப் போன்ற நிகழ்ச்சிகளில் எதுவும் மற்றதற்கு முந்தியதல்ல என்பதையும் அக்கட்டுரை தெளிவாக்கியது. பரவல் அமைப்புகளில் லாம்போர்ட் செய்த பணிகளுக்காகக் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 2013ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது.

தீவுகளை இணைத்த வானொலி

இனி பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. முதன்மை வளாகத்துக் கணினியை மற்றத் தீவுகளில் இருப்பவர்களும் பயன்படுத்த வேண்டும். தொலைபேசிக் கம்பியின் செலவு அதிகம், தரமும் போதாது. பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் ஒரு குழு வானொலி அலை மூலம் கணினிகளைப் பேச வைத்தது. 1971இல் இயங்கத் தொடங்கிய அந்த வலைப்பின்னலுக்கு ஹவாய் மக்களின் வாழ்த்துச் சொல்லையொட்டி 'அலோஹாநெட்' என்று பெயர்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே அலைவரிசைதான். யார் எப்போது பேசுவது? ஒருவருக்குப் பின் ஒருவர் என்று முறை வைத்தால், பேச ஒன்றும் இல்லாதவரின் முறை வீணாகும். குழு கண்ட வழி எளிமையானது. அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு. கிடைத்தது என்ற பதில் வராவிட்டால், வேறொருவரின் செய்தியோடு மோதிவிட்டது என்று வைத்துக்கொள். குலுக்கல் போட்டது போல ஏதோ ஒரு நேரம் காத்திரு. மறுபடி அனுப்பு. இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்கள். வெவ்வேறு அளவு காத்திருந்தால் ஒருவர் முந்திவிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இந்த முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் சுமார் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று தெரிந்தது. குறிப்பிட்ட நேரக் கட்டங்களின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பலாம் என்று விதித்தால் அது ஏறத்தாழ 37 விழுக்காடாகும். வியாபாரிக் கண்ணோடு பார்த்தால் இவ்வளவு வீணா என்று தோன்றும். ஆனால் முறை சொல்லிக் கொடுக்க நடுவில் ஒரு மேலாளர் தேவையில்லை என்பதுதான் இதன் பலம். இந்த ஆய்வைப் படித்த ராபர்ட் மெட்காஃப் அதை மேம்படுத்தி, 1973இல் ஈதர்நெட் என்ற கம்பி வலைப்பின்னலுக்கு வழி கண்டார். அலுவலகங்களில் இன்று கணினிகளை இணைக்கும் கம்பிகள் அந்தப் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. நம் கைத்தொலைபேசி கோபுரத்தை முதன்முதலில் அழைத்து "நானும் இருக்கிறேன்" என்று சொல்லும் அந்த முதல் படியும் அலோஹாநெட்டின் வழிவந்ததே.

பயத்தை அளந்து பார்த்தவர்கள்

அடுத்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருக்கும் மகாதேவ் சத்யநாராயணன் சென்னை ஐஐடியில் படித்துவிட்டு, கார்னகி மெலனில் 1983இல் முனைவர் பட்டம் பெற்றவர்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாருடைய கோப்புகளும் பொதுவான கணினிகளில் இருந்தன. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உங்கள் கோப்பு கிடைக்கும். வசதிதான். ஆனால் வலைப்பின்னல் அறுந்தால் எல்லார் வேலையும் நின்றுவிடும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினிகள் வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. வீட்டுக்கு எடுத்துப் போனாலே தொடர்பு அறுந்துவிடும். 1987இல் அவர் குழு 'கோடா' என்ற புதிய அமைப்பைத் தொடங்கியது. அவரும் அவருடைய ஆய்வு மாணவர் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் 1991இல் அதன் முக்கியக் கட்டுரையை அளித்தார்கள்.

கோடா மூன்று கட்டமாக வேலை செய்தது. தொடர்பு இருக்கும்போதே, பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்து வைப்பது போல, தேவைப்படக்கூடிய கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்ததும், இருப்பதை வைத்துக்கொண்டு வேலையை நடத்தும். செய்த மாற்றங்களை எல்லாம் வரிசையாகக் குறித்து வைக்கும். தொடர்பு திரும்பியதும் அந்தக் குறிப்பை ஒப்படைத்துக் கணக்கை நேர் செய்யும்.

இதற்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? தனித்தனியே இருக்கும் இருவர் ஒரே கோப்பை மாற்றிவிட்டால் யாருடையதை எடுத்துக்கொள்வது என்பது நியாயமான பயம். அவர்கள் வாதாடுவதோடு நிற்காமல் அளந்து பார்த்தார்கள். 400க்கும் அதிகமானோர் பயன்படுத்திய பழைய அமைப்பில் ஓராண்டில் நடந்த மாற்றங்களைக் கணக்கெடுத்தார்கள். 99 விழுக்காட்டுக்கும் அதிகமான மாற்றங்களைச் செய்தவர், அதே கோப்பைக் கடைசியாக மாற்றியவரேதான். வெவ்வேறு இருவர் ஒரே கோப்பை ஒரு நாளுக்குள் மாற்றும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 விழுக்காடு. ஆகவே நூற்றில் ஒன்றுக்கும் குறைவான ஒரு மோதலுக்குப் பயந்து எல்லார் வேலையையும் நிறுத்தி வைப்பதைவிட, வேலையை நடக்கவிட்டு, மோதல் வந்தால் அதைக் கண்டுபிடித்து மனிதரிடம் காட்டித் தீர்ப்பதே நல்லது என்று முடிவு செய்தார்கள்.

விமானத்தில் உட்கார்ந்து நாம் எழுதும் மின்னஞ்சல், தரையிறங்கியதும் தானே புறப்பட்டுப் போகிறது. சுரங்கப்பாதையில் ரயில் போகும்போதும் குறிப்பேட்டுச் செயலியில் எழுத முடிகிறது. இதெல்லாம் இன்று யாருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. அன்று ஒரு மாணவரின் பல ஆண்டுகள் இந்த வழியைக் கண்டறிவதில் கழிந்தன.

முடியாது என்று தெரிந்துகொள்வதும் அறிவு

எல்லாவற்றுக்கும் தீர்வு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். சிலவற்றைச் செய்யவே முடியாது என்று காட்டியதும் இத்துறையின் பெரிய சாதனை.

ஒரு கணினிக்குச் செய்தி அனுப்புகிறோம், பதில் இல்லை. அது பழுதாகிவிட்டதா, அல்லது மெதுவாக இருக்கிறதா? செய்தி எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதற்கு வரம்பே இல்லாதபோது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூவர் 1985இல் இதைக் கணித முறையில் ஆராய்ந்து, அப்படிப்பட்ட சூழலில் ஒரே ஒரு கணினி பழுதாகக்கூடும் என்றாலும், குலுக்கல் எதுவும் போடாமல் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உறுதிதரும் முறை எதுவும் இருக்க முடியாது என்று நிறுவினார்கள்.

இது நம் வீட்டுக்குள்ளும் வருகிற விஷயம். கடையில் கைத்தொலைபேசி வழியாக 20 வெள்ளி செலுத்துகிறோம். திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. பணம் போனதா, போகவில்லையா? மறுபடி அழுத்தினால் 40 வெள்ளி போய்விடுமா? முறையாகக் கட்டப்பட்ட அமைப்பில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் ஒன்று இருக்கும். செயலி தானாக அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும்போது அதே எண்ணோடு அனுப்பும். வங்கிக் கணினி, "இந்த எண்ணை முன்பே பார்த்துவிட்டேன்" என்று இரண்டாவது முறை பணத்தை எடுக்காமல் விடும். பதில் கிடைக்குமா என்ற சந்தேகத்தை யாராலும் நீக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தால் நட்டம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். 2002இல் எம்ஐடியின் கில்பர்ட்டும் லிஞ்சும் அதற்கு நிரூபணம் தந்தார்கள். அதை நம் சங்க வழக்கத்தில் சொல்லிப் பார்ப்போம். ஒரு திருமண மண்டபத்துக்கு இரண்டு இடங்களில் முன்பதிவு நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தொடர்பு அறுந்துவிட்டது. ஒரே தேதியைக் கேட்டு இரண்டு இடத்திலும் ஆள் வருகிறார். "தொடர்பு வந்தபின் சொல்கிறோம்" என்று சொன்னால் வந்தவர் காத்திருக்க வேண்டும். "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் இரண்டு கல்யாண வீட்டார் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். தொடர்பு அறுந்த நேரத்தில் உடனே பதில் தருவதும், தவறாத பதிலைத் தருவதும் ஒருசேர நடக்காது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எதை விட்டுக்கொடுப்பது? மண்டபமாக இருந்தால் காத்திருக்கச் சொல்லலாம். அதே கல்யாணத்துக்குப் பிரியாணிச் சாமான் பட்டியலை வாப்பாவும் மகளும் வெவ்வேறு இடத்திலிருந்து எழுதினால் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஏலக்காய் சேர்த்திருப்பார், மற்றவர் நெய் சேர்த்திருப்பார். பிறகு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். எந்த வகைத் தகவலைச் சண்டையில்லாமல் ஒன்றாக்க முடியும் என்று பிரான்ஸிலும் போர்ச்சுகலிலும் இருந்த ஆய்வாளர்கள் 2011இல் வகுத்துக் காட்டினார்கள். பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் எழுதும் செயலிகள் சில இன்று அந்த வழியில் கட்டப்படுகின்றன.

நம் மகள்கள்

மேலே லிஞ்ச் என்ற பெயர் இரண்டு முறை வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவர் எம்ஐடியைச் சேர்ந்த நான்சி லிஞ்ச். அதே பல்கலைக்கழகத்தின் பார்பரா லிஸ்கோவ், சில கணினிகள் பழுதானாலும், ஏமாற்றினாலும்கூட மற்றவை சரியாக இயங்கும் வழிகளை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அவருக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

சிறுபிள்ளைகளுக்காக இன்னொன்றும் சொல்கிறோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மார்ட்டனோசியின் குழு கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்தில் சிறு கணினிப் பட்டையை மாட்டியது. அங்கே தொலைபேசிக் கோபுரம் இல்லை. இரண்டு வரிக்குதிரைகள் அருகருகே வரும்போது பட்டைகள் தங்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும். ஆய்வாளர் எல்லாக் குதிரைகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. சிலவற்றின் அருகே போனால் மற்றவை எங்கெங்கே திரிந்தன என்ற செய்தியும் கிடைத்துவிடும். 2004இல் இது காட்டிலேயே நடத்திப் பார்க்கப்பட்டது.

ஒரு துறையின் அடித்தளத்தில் இத்தனை பெண்கள் இருக்கும்போது, நம் மகளுக்கு இது ஏற்ற துறைதானா என்று தயங்கவேண்டிய அவசியம் என்ன?

குடும்பங்களிடம் நாங்கள் கேட்பது

சொன்னவற்றில் பொதுவாக இருப்பது என்ன? ஹவாய்க் குழுவும் கோடா குழுவும் "எல்லாம் சரியாக இருந்தால்" என்று தொடங்கவில்லை. "தொடர்பு போகும், இயந்திரம் பழுதாகும், கடிதம் தாமதமாகும்" என்று ஒப்புக்கொண்டு தொடங்கினார்கள். அடுத்த மாதம் பொருளை விற்றாக வேண்டிய நிறுவனத்துக்கு இப்படி யோசிக்க அவகாசம் குறைவு. அந்த அவகாசத்தைத் தரும் இடங்களில் முதன்மையானது பல்கலைக்கழகம். அந்த அவகாசத்தை வீட்டிலிருந்து தரக்கூடியவர்கள் பெற்றோர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் தம்பி தங்கையின் படிப்பும் காத்திருக்கும்போது வேலைக்குப் போகும் பிள்ளை குடும்பத்தைத் தாங்குகிறான். அது எந்த ஆராய்ச்சிக்கும் குறைந்ததல்ல. ஆனால் போக முடிகிற பிள்ளை, போக விரும்புகிற பிள்ளை, வீட்டில் அதற்கு அர்த்தம் புரியாததால் நின்றுவிடக் கூடாது. முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தருவதுண்டு. வேலைக்குப் போன நண்பனின் சம்பளத்தைவிட அது குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுப் பேசுங்கள். "எப்போது முடிப்பாய்?" என்ற கேள்வியோடு, "இப்போது எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறாய்?" என்றும் கேளுங்கள். பதில் முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதே பிள்ளைக்குப் பெரிய பலம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. செயலி செய்யக் கற்பது நல்லது. அதோடு நிகழ்தகவுக் கணக்கையும், ஒன்றை நிரூபிக்கும் முறையையும் விடாமல் படியுங்கள். உங்கள் செயலி நன்றாக ஓடுவதைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வலைப்பின்னலை நடுவில் துண்டித்துவிட்டு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆராய்ச்சிக்குப் போவீர்களா, வேலைக்குப் போவீர்களா என்பது பிறகு. இந்தப் பழக்கம் இரண்டு இடத்திலும் உதவும்.

பெருங்கடலுக்கு அக்கரையில் என்ன நடக்கிறது என்று தெரியாத நாட்களிலும் நம் முன்னோர் கடையைத் திறந்தார்கள், பேரேட்டில் எழுதினார்கள், கப்பல் வந்ததும் கணக்கை நேர் செய்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் துறை அந்நியமானதாக இருக்க முடியாது. ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கல்விக்குழுவிடம் அழைத்து வாருங்கள். விண்ணப்பம் எழுதுவதிலிருந்து, ஏற்கெனவே அந்தப் பாதையில் இருப்பவர்களைச் சந்திக்க வைப்பது வரை எங்களால் முடிந்ததைச் செய்து தருகிறோம்.